வீட்டுக்கொரு பட்டதாரி

நடந்தது 2041-இலா, அதற்கு அடுத்த வருடமா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. மென்பொருள் நிறுவனத்தில் நிறைமதி பார்த்த வேலை, வீட்டில் வேறு பட்டதாரி இல்லாதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். ஒதுக்கீட்டைப் பழிப்பவர்களின் வாயை அடைக்க, அந்தத் தகுதியை மாதாமாதம் சரிபார்த்தார்கள். அவள் அம்மா ஜெயக்கொடியோ அஞ்சல்வழி பி.ஏ.யின் கடைசித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு பேப்பர்ல கோட்டை விட்டுடும்மா,” என்றாள் நிறைமதி.

அம்மா புத்தகத்தை மூடிவைத்தாள்.

“நீ பொறந்தப்ப காலேஜ விட்டவடி நான். இப்ப உன் வேலைக்காக ஃபெயிலும் ஆகணுமா?”

மறுநாள் நிறைமதியே வண்டியில் அம்மாவைத் தேர்வுக்கு அழைத்துப் போனாள்.

ஜெயக்கொடி முதல் வகுப்பில் தேறினாள். நிறைமதியின் வேலை போனது. ஒரு குடும்பத்தை முன்னேற்றியதற்காக நிறுவனம் விருது வாங்கியது. பட்டதாரிகள் இருவரும் இப்போது வேலை தேடுகிறார்கள்.