பழைய விண்டோஸ்

“இதுக்குள்ள அஞ்சு பேரு இருக்காங்களே சார், யாராரை அழிக்கறதுங்க?”

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் ரஞ்சனி கேட்டாள். அருணகிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருச்செங்கோட்டில் அவருக்கு மூன்று ரிக் வண்டிகள். போர்வெல் போட ஆந்திரா வரைக்கும் போய்வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் ஒரு வாரமாக நகர மறுத்தது. எதைத் திறந்தாலும் இடமில்லை, இடமில்லை என்று ஒரே புலம்பல். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிட்டதும் இந்தப் பெண் வந்திருந்தாள்.

“பேரைப் படி அம்மிணி.”

“பிரபாகர், தங்கமுத்து, அம்மாசி...”

“அந்த மூணு பேரும் வேலையை உட்டுப் போயாச்சு. தூக்கிரு.”

ரஞ்சனி உடனே தூக்கிவிடவில்லை. ஒவ்வொருவருடைய ஃபோல்டரையும் திறந்து அவருக்குக் காட்டினாள். பிரபாகரின் கல்யாணப் பத்திரிகை, தங்கமுத்து சேர்த்துவைத்த சினிமாப் பாட்டுகள். வேண்டாம் என்று அவர் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனாள்.

“அந்த ஃபோல்டரை அப்படியே டெலிட் அடிச்சா ஆகாதா?”

“ஆகாதுங்க. ஆளு போயிருவாரு, பேரு உள்ளயே நின்னுட்டு வம்பு பண்ணும். செட்டிங்ல போயி முறையா எடுக்கோணுமுங்க.”

அருணகிரிக்கு இது புதிதாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூன்று பேரும் போனார்கள். இடம் என்னவோ கொஞ்சம்தான் மிஞ்சியது.

“வேற என்னமோ அடைச்சுட்டு இருக்குதுங்க சார்” என்றவள், ஒரு ஃபோல்டரில் அம்புக்குறியை நிறுத்தினாள். “இதானுங்க. பழைய விண்டோஸ்.”

“பழசா? பழசை எடுத்துட்டுத்தானே புதுசைப் போட்டான்?”

“எடுக்கலீங்க. முன்னாடி இருந்ததுக்கு மேலயே புதுசைப் போட்டா, பழசை மொத்தமா மூட்டை கட்டி ஓரமா வெச்சிருமுங்க. பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. இது ஏழு வருசமாக் கிடக்குது.”

“அப்ப அது குப்பைதானே. அழிச்சிரு.”

“பார்த்துட்டு அழிக்கலாமுங்க” என்று அதையும் திறந்தாள். உள்ளே இரண்டே பேர். ஒன்று அருணகிரி. இன்னொன்று இலக்கியா.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் புள்ளை பேரு இன்னுமா இதுல இருக்குது? அதைத் தொறக்கவே வேண்டாம். அழி.”

“யாருங்க சார் அவங்க?”

யாரிடமும் பேசாத கதை அது. ஆனால் இந்தப் பெண்ணிடம் சொல்லத் தோன்றியது.

“எடப்பாடிப் புள்ளை. இங்க நாலு வருசம் வேலை பார்த்துது. எந்தக் காடு தோட்டத்துல போர் போட்டோம், எத்தனை அடியில தண்ணி வந்துது, எங்க பாறை, எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா ஏத்தி வெச்சிருந்துது. ரெண்டாயிரம் போருக்கு மேல. அந்த லிஸ்ட்டு இருந்தா பக்கத்துத் தோட்டக்காரன் கூப்பிட்டதும் கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், இங்க எத்தனை அடி போகோணும்னு. எங்க தொழிலுக்கே அதுதான் மூலதனம்.”

“அப்பறமுங்க?”

“ஒரு நாள் காத்தால பார்த்தா லிஸ்ட்டைக் காணோம். முந்தின நாள்தான் ஒருத்தன் வந்து புது விண்டோஸ் போட்டுட்டுப் போனான். அவனைக் கேட்டா, நான் எதையும் அழிக்கலீங்கறான். அந்த மாசமே எங்க பரமத்தி வேலூர்ப் பார்ட்டி ரெண்டு பேரு வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. எனக்கு ஆத்திரம். நீதான் லிஸ்ட்டை அந்தக் கம்பெனிக்கு வித்துப்போட்டு இங்க அழிச்சுட்டியான்னு, டிரைவருங்க எல்லாம் நிக்கறப்பவே கேட்டுப்போட்டேன். நான் தொடவே இல்லீங்கன்னு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு. பையை எடுத்துட்டுப் போனது போனதுதான்.”

ரஞ்சனி மவுஸை நகர்த்தி இலக்கியா என்ற பெயரின்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே ஒரே ஒரு ஃபைல். அதையும் திறந்தாள்.

வரிசை வரிசையாக ஊர்ப் பெயர்கள். ராசிபுரம், 720 அடி, பாறை. பரமத்தி வேலூர், 180 அடி, மூன்று இஞ்ச் தண்ணீர். அருணகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றே படித்தார். விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். கடைசி வரி, 2,146.

“இது கடைசியா எப்பத் திருத்துனது, காட்டு அம்மிணி.”

காட்டினாள். புது விண்டோஸ் போட்ட தேதிக்கு முந்தின நாள், சாயங்காலம் ஐந்து நாற்பது. அன்றைக்கு வேலை முடியும்வரை ஏற்றியிருக்கிறாள். ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை.

அருணகிரி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

“இங்கயேதான் இருந்திருக்குது. ஏழு வருசமா இதுக்கு முன்னாலதான் உக்காந்திருக்கறேன்.” கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்தப் புள்ளை எந்த ஊர்ல இருக்குதோ. கண்ணால பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கோணும் அம்மிணி. எங்கன்னு போயித் தேடறது?”

“தேட வேண்டாமுங்க சார்” என்றாள் ரஞ்சனி. “எங்க சென்டரே அவங்களுதுதானுங்க. இந்த ஃபைலு எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் அவங்க இந்த வேலையையே கத்துக்கிட்டாங்க. நான் போனா அவரு கம்ப்யூட்டரைத் தொட உடமாட்டாரு, நீ போயித் தொறந்து காட்டிட்டு வான்னு என்னை அனுப்பிச்சாங்க.”