எதிர்வீட்டுக் கதவு எத்தனை டிகிரி?

க்ரீ...ச்!

இந்த வாரம், இருட்டிய பிறகு நானும் மகளும் படியேறும்போதெல்லாம் இந்தச் சத்தம். எதிர்வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர் கதவைத் திறக்கிறார்.

அவர் தனிக்கட்டை. என் கணவர் வெளியூர் வேலைக்குப் போய் மூன்று மாதம். சாவியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன்.

புதன்கிழமை ராத்திரி, மகள் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்தாள். கண்ணில் படும் பொருள்களில் கோணம் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

"கத்தரிக்கோல், குறுங்கோணம். ஜன்னல் மூலை, செங்கோணம்."

"குறுங்கோணம்னா?"

"அக்யூட்டும்மா. கான்வென்ட்ல படிச்சேன்னு பீத்திக்கிறே, இதுகூடத் தெரியல! எதிர்வீட்டுக் கதவையும் எழுதியிருக்கேன். திங்கக்கிழமை குறுங்கோணம். இன்னைக்குச் செங்கோணம்."

நாளுக்கு நாள் அகலமாகத் திறக்கிறாரா? எவ்வளவு துணிச்சல்!

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, மகளோடு படியேறினேன்.

"அம்மா, இன்னைக்கு விரிகோணம்!" கைதட்டினாள் மகள்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, பொம்பளை தனியா இருந்தா இப்படித்தான் வேடிக்கை பாப்பீங்களா? இந்த வயசுல வெக்கமா இல்ல?"

அவர் முகம் சுருங்கிப்போனது.

"இல்லம்மா... பாப்பா ஏறி வரும்போது..."

"குழந்தையை இழுக்காதீங்க. கதவை மூடுங்க முதல்ல!"

"சரிம்மா. தப்புத்தான்."

கதவு மெல்ல நகர்ந்தது.

"செங்கோணம்... குறுங்கோணம்..." என்று எண்ணிக்கொண்டே வந்த மகள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

கும்மிருட்டு. பூட்டு தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மகளும் தெரியவில்லை.

"அம்மா, பயமா இருக்கு. படி எங்கே இருக்குன்னே தெரியல."

"அசையாதே! லைட்டெல்லாம் என்னடி ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா? கீழ் பல்பு திங்கக்கிழமையே போச்சு. நடு பல்பு புதன்கிழமை. நம்ம வாசல் பல்பு இன்னைக்கு."

ஒவ்வொரு பல்பு போகும்போதும் அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறார். பல்பு போனதே எனக்குத் தெரியாத அளவுக்கு.

சுவரைத் தடவிப்போய் அந்தக் கதவைத் தொட்டேன்.

"ஐயா..."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.