கரண்டி எச்சில்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பாலித்தீவு வீகன் சமையல் வகுப்பு நடக்கிறது. தன் பெண் அதிதிக்கு நான் சரிப்படுவேனா என்று ராஜலக்ஷ்மி ஆன்ட்டி இங்கேதான் முடிவு செய்யப்போகிறார். அதற்காகவே நியூஜெர்சியிலிருந்து பறந்து வந்திருக்கிறேன். ஸ்ப்ரிங்க்ளர் டிக்டிக்கென்று சுற்றுகிறது. என் கால் அதைவிட வேகமாக ஆடுகிறது. கொடியிலிருந்து நாங்களே பறித்த காராமணிக்காய், தேங்காய்த் துருவலோடு கலந்ததும் அசல் பொரியலாகிவிட்டது. பதற்றத்தில் கரண்டியாலேயே ஒரு வாய் தின்றுவிட்டு, அதே கரண்டியை என் பாத்திரத்தில் போடுகிறேன். அப்போதுதான் பாலிக்காரரான டீச்சர் கெதுத் வாழையிலைத் துண்டுகளை நீட்டுகிறார். முதல் பிடி சாமிக்காம், பிறகுதான் நமக்காம். அதிதி விலாவில் இடிக்கிறாள். "போச்சு! அம்மா பாத்துட்டா." ஆன்ட்டி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார். "எச்சில் பண்ணிட்டியாப்பா?" "குவாலிட்டி செக் பண்ணேன் ஆன்ட்டி." யாரும் சிரிக்கவில்லை. ஆன்ட்டி தன் பாத்திரத்திலிருந்து ஒரு பிடி எடுத்து என் இலையில் வைக்கிறார். "இதை வெச்சுக்கோ. இதுல யாரும் வாய் வெக்கல." சாமி கும்பிட எல்லோரும் கண்களை மூடுகிறார்கள். வெயில் ஆன்ட்டியின் முகத்தில் விழுகிறது. உதட்டோரம் ஒரு தேங்காய்த் துருவல் பளிச்சிடுகிறது. "ஆன்ட்டி, வாயில தேங்காய்," என்கிறேன் மெதுவாக. அவர் சட்டென்று துடைத்துக்கொள்கிறார். "அதிதிகிட்ட சொல்லாதே," என்கிறார் கண்ணைத் திறக்காமலே. "நாளைக்கு ஆத்துக்குச் சாப்பிட வா."