நாலடி தூரம்

கேமராவுக்கும் சரசுவுக்கும் நடுவே இன்று நாலடி தூரம்தான்.

ஓஸ்வால்டின் ஆறு வருஷக் கலை வாழ்க்கையில் இவ்வளவு பக்கத்தில் அவர் போனதே இல்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போட்டோ எடுக்கிற ஸ்டூடியோ அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பார். புதன்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவைச் சாத்திக்கொண்டு நிர்வாணப் படம் எடுப்பார்.

எடுப்பார் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

மெல்லிய திரைக்குப் பின்னால் சரசுவை நிற்க வைத்து எடுப்பார். தண்ணீர் தெளித்த கண்ணாடிக்கு அப்பால் உட்கார வைத்து எடுப்பார். ஒருமுறை சாம்பிராணிப் புகை போட்டு எடுத்தார். எல்லாவற்றிலும் அவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும். இதற்குப் பெயர் மர்மம் என்று அவர் நம்பியிருந்தார்.

புகைப் படத்தை போட்டோ கிளப்பில் காட்டியபோது அங்கே மூத்தவரான சீனிவாசராகவன் வெகுநேரம் பார்த்தார்.

“புகை பிரமாதமா வந்திருக்கு ஓஸ்வால்ட். உள்ள யாராவது இருக்காங்களா?”

ஓஸ்வால்டுக்குப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இன்று திரை இல்லை, கண்ணாடி இல்லை. ஜன்னல் வெளிச்சம், ஒரு ஸ்டூல், சரசு.

சரசு ஒக்கலிபுரத்துக்காரி. வயது முப்பத்தாறு. ஓவியப் பள்ளியில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக உட்காருகிறவள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல அவள் பாட்டுக்கு இருந்தாள்.

“இந்தப் பக்கம் பாரும்மா,” என்றார் ஓஸ்வால்ட், முதல் முறையாக.

பார்த்தாள்.

அவர் சட்டென்று கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். தலைகீழாக இருந்தும் அவரையே பார்த்தாள். லென்ஸைத் திருகினார். முகம் தெளிந்ததும், மறுபடி திருகி மங்கலாக்கினார். துணிக்குள் வியர்த்துக் கொட்டியது. வெளியே வர மனமில்லை.

“சார், துணி இல்லாம குந்தினு இருக்கறது நானு. நீங்க இன்னாத்துக்கு ஒளிஞ்சிக்கறீங்க?”

மெல்லத் தலையை வெளியே எடுத்தார்.

சரசு எழுந்து நிதானமாகப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஸ்டூலைக் காட்டினாள்.

“ஒரு தபா நீங்க வந்து குந்துங்க. அப்ப தெரியும்.”

மறுக்க மூன்று காரணங்கள் இருந்தன: பாட்டுக் குழு, தொப்பை, மனைவி டோரதி. மூன்றையும் சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருஷமாக இந்தப் பெண்ணை ‘கூச்சப்படாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அது.

கேமராவில் புது பிளேட்டை மாட்டினார். படம் விழ அழுத்துகிற ரப்பர் பல்பை அவளிடம் கொடுத்து, எப்போது அழுத்த வேண்டும் என்று சொன்னார். அவள் திரும்பி நின்றுகொண்டாள். சட்டையைக் கழற்றினார். கலை பாதியில் நிற்கக் கூடாதே என்று மற்றதையும் கழற்றினார்.

பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஸ்டூல் சில்லென்றிருந்தது. அதை இத்தனை வருஷமும் அவள் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை.

“ஆச்சா சார்? ஸ்வல்ப இந்தப் பக்கம் பாருங்க.”

முழுசாகத் திரும்ப முடியவில்லை. பாதி முகம்தான் திரும்பியது. அதற்குள் சரசு பல்பை அழுத்திவிட்டாள்.

அதன்பின் சரசு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை தெளிந்த முகத்தை அவர் மங்க விடவில்லை. அவள் நேராகப் பார்க்கிற படம் ஒன்று கிடைத்தது. அவளிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு படங்களையும் கிளப்பின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷக் கண்காட்சிக்கு அனுப்பினார்.

ஒன்று தேர்வாயிற்று.

“என் படம் மாட்டியிருக்காங்க, வா,” என்று டோரதியைக் கூட்டிப் போனார். அவள் அதுவரை புதன்கிழமைப் படம் எதையும் பார்த்ததில்லை. பூப்படம் என்று நினைத்திருந்தாள்.

படத்தின் முன்னே கூட்டம். சீனிவாசராகவன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தார்.

“யாருய்யா இந்தம்மா? இத்தனை நாள் எங்க இருந்தாங்க?”

சட்டத்துக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்தது: ‘படம் எடுத்தவர்: எம். சரசு, ஒக்கலிபுரம்.’

டோரதி அட்டையைப் படித்தாள். குனிந்த அந்த முதுகைப் பார்த்தாள். பாதி திரும்பியிருந்த முகத்தருகே போய் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

திரும்பி வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் கணவனின் சட்டைக் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

“குளிரும்,” என்றாள்.