இடப்பக்க இருக்கை

சிக்னல் பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை.

எதிர்ச்சாரியில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது. அதிலிருந்து அவருடைய மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

பச்சைச் சேலை. கையில் மூடி போட்ட ஒரு தூக்குப் போசி. தன் அக்கா வீட்டுச் சந்துக்குள் திரும்பி மறைந்தாள்.

அக்கா வீட்டில் இறக்கிவிடட்டுமா என்று காலையில்தான் கேட்டிருந்தார். தலைவலி, இன்னைக்கு எங்கேயும் போகலை என்றிருந்தாள்.

பின்னால் ஹாரன்கள். அவர் காரை நகர்த்தினார்.

இது முதல் தடவை அல்ல.

பழனிக்குக் கூப்பிட்டபோது காய்ச்சல். தம்பி மகன் புதுமனைக்குக் கூப்பிட்டபோது அசதி. கண் டாக்டரிடம் பக்கத்து வீட்டுக்காரியோடு போய்க்கொண்டாள். இரண்டு வருடமாக ஜெயமணி அவருடைய காரில் ஏறவில்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகள் பெங்களூரிலிருந்து இருவரையும் வந்துவிடச் சொன்னாள். முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஜெயமணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அந்தக் கோபம்தான்.

அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினால், எனக்குப் போகணும் என்று சொல்லிவிடுவாள். அதைக் கேட்கிற தெம்பு அவரிடம் இல்லை. தனியாக ஓட்டிப் போவது சுலபமாக இருந்தது.

அவருடைய இரும்பு வார்ப்புப் பவுண்டரி நன்றாக ஓடிய வருடம் வாங்கிய கார். பதின்மூன்று வருடம் ஆகிறது. பவுண்டரியை மூடியே ஆறு வருடம். கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை சஸ்பென்ஷன் மாற்றினார், ஒரு தடவை ஏசி. எங்கே சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் எதிலிருந்து என்று சொல்லிவிடுவார்.

“உங்களை மாதிரி வண்டி வெச்சிருக்கறவங்களை நான் பாத்ததில்லீங்க” என்பார் மெக்கானிக்.

அதைக் கேட்பதற்காகவே சில நாள் அந்தப் பக்கம் போவார்.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. அவர் போர்ட்டிகோவில் காரை ஒட்டி நின்றிருந்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். எதையும் மறைக்க முயலவில்லை. படியேறி, அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்கூட வர்றதுக்குப் புடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்” என்றார்.

“உங்ககூட வர்றதுக்கு என்னங்க?”

“அப்புறம்?”

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

“அதுல உக்காந்தா என்னால எந்திரிக்க முடியறதில்லீங்க.”

அவருக்கு முதலில் புரியவில்லை.

“அவ்வளவு தாழ்வா இருக்குது. உக்காந்தாக் குழிக்குள்ள போற மாதிரி. ஆட்டோன்னா காலைக் கீழ வெச்சாப் போதும், எறங்கிக்கலாம்.”

“எப்பருந்து?”

“ரெண்டு வருசம் முன்னால நம்ம அக்கா பையன் சுதாகர் கல்யாணத்துலயே அப்படித்தானுங்க. மண்டபத்து வாசல்ல மூணு தடவ எந்திரிச்சுப் பாத்தேன். மாப்பிள்ளை சிநேகிதப் பசங்க ரெண்டு பேரு வந்து ஆளுக்கொரு கையப் புடிச்சுத் தூக்கி விட்டாங்க. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க.”

“நான் எங்க போனேன்?”

“வண்டி நிறுத்தற பையங்கிட்டச் சாவியக் குடுத்துட்டு நீங்க உள்ள போயிட்டீங்க.”

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

“ஏன் சொல்லலை?”

“சொன்னா வித்துப்போடுவீங்க. அப்புறம் உங்களுக்கு என்ன இருக்குது?”

தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.



அவர் காரைச் சுற்றி நடந்து இடப்பக்கம் போனார். கதவைத் திறந்தார். இந்தப் பக்கம் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

குனிந்தார். கடைசி ஒரு சாண் தூரம் விழத்தான் வேண்டியிருந்தது.

முன்னால் கண்ணாடி. வெள்ளைச் சுவர். பக்கத்தில் அவருடைய காலி இருக்கை.

எழ முயன்றார்.

வலப்பக்கம் என்றால் கை தானாக ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொள்ளும். இங்கே முன்னால் பிடிக்க எதுவும் இல்லை. இடுப்பு அசைந்தது. உடம்பு எழவில்லை.

மறுபடி முயன்றார். முழங்காலுக்குள் எதுவோ நறநறத்தது. அறுபத்தெட்டு வயது என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

மேலே இருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

“அதப் புடிக்காதீங்க. தோள்பட்டை புடிச்சுக்கும்.”

ஜெயமணி வாசல்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அவர் கதவின் மேல் கை வைத்தார்.

“கதவு ஆடும். ரெண்டு காலையும் மொதல்ல வெளிய எடுத்து வைங்க.”

வைத்தார்.

“முன்னால தள்ளி நுனிக்கு வாங்க.”

வந்தார்.

“தலையக் குனிஞ்சுக்கோங்க. மேல இடிக்கும்.”

குனிந்தார். மூச்சு வாங்கியது.

“அப்புறம்?” என்றார்.



“அப்புறம் யாராச்சும் வந்து கை குடுக்கோணுமுங்க.”

நடுவில் மூன்று படிகள் இருந்தன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள்.