நாலு பைட் காலியிடம்

"இந்த நாலு பைட்டுல என்ன இருக்கு?" என்று திரையிலிருந்த நிரலைக் காட்டிக் கேட்டார் லட்சுமணன், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேலாளர். அம்பத்தூர் கிளையில் நாற்காலிக்குத் தட்டுப்பாடு. மூலையில் கிடந்த மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். காலியிடம்," என்றான் அதை எழுதிய பால்ராஜ்.

"கம்ப்யூட்டரையே ஓட்டற கெர்னல்ல வெட்டி இடமா? தூக்கு அதை."

"தூக்கினா, அடுத்து வர்ற எண்ணைப் பழைய மெஷின் ஒட்டினாப்ல தேடும், புது மெஷின் நாலு பைட் தள்ளித் தேடும். ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு தப்பாப் படிக்கும் சார்."

"ரெண்டுலயும் ஓட்டிப் பார்த்துடறேன். சரியா வந்துச்சுன்னா நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துடு."

பக்கத்து மேசை மஸ்தான் குனிந்து கிசுகிசுத்தான். "இன்னா மாமே, ஒண்ணுமில்லாத இடத்துக்கோசரம் வேலைய உடப்போறியா?"

லட்சுமணன் தன் கையாலேயே நாலு பைட்டை நீக்கினார். பால்ராஜ் இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும், "பேசாதே," என்றார். ஒரு திரை முன் குனிந்து எண்களை எழுதினார். 'புதுசு' என்று சீட்டு ஒட்டியிருந்த அடுத்த திரையில் படித்தார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

"பேப்பர் எடுத்து எழுதுப்பா," என்றார், மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டபடி.

"சார், அந்தச் சீட்டு திரைக்கு ஒட்டினது. திரை மட்டும்தான் புதுசு. ரெண்டு திரையும் பழைய மெஷின்லதான் மாட்டியிருக்கு."

"அப்ப புது மெஷின் எங்கய்யா?"

பால்ராஜ் தயங்கினான். மஸ்தான் தயங்கவில்லை.

"கொஞ்சம் எந்திரிங்க சார். அது மேலதான் குந்திகினு கீறீங்க."