இருபதுக்கு இருபது

"கல் நெஞ்சக்காரன்!" பல்லைக் கடித்தாள் பவித்ரா.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு எதிரே, பதினெட்டாவது முறையாக அவள் கையிலிருந்து நழுவிய வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. பூக்கடை மருதப்பன் பூக் கட்டியபடியே வேடிக்கை பார்த்தார். ஒரு வெங்காயம் அவர் காலடிவரை போய் அவரை அண்ணாந்துகூடப் பார்த்தது. மனுஷன் குனியவில்லை.

பதினெட்டு முறை கை நழுவுமா என்ன? பவித்ராவும், உதவுகிறவருக்கு ஒரு கோடு போட தூணுக்குப் பின்னால் பேனாவோடு நிற்கும் வருணும் உளவியல் மாணவர்கள். போனில் மூழ்கியவர்கள் அடுத்தவருக்கு உதவுவார்களா என்பது ஆராய்ச்சி. ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தார்கள். தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேரும் புத்தராகிவிட்டார்கள்.

"தெருவுல போய்ச் செய்யுங்க. சோதனைன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அத்தனையும் குப்பை" என்றார் பேராசிரியர். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

அந்தச் சனிக்கிழமை உதவியவர்கள், இருபதுக்கு மூன்று.

"இவ்வளவுதான் லா நம்ம ஊரு!" வருணின் முகம் தொங்கிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அதிசயம். வெங்காயம் தரையைத் தொடுமுன் ஆள் வந்தது. போனைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு சீன ஆன்ட்டி கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். ஒருவர் தன் பையிலிருந்து நாலு தக்காளியும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனார்.

மருதப்பன் மட்டும் கடையை அப்படியே விட்டுவிட்டு, தெருமுனையில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்தார்.

"இருபதுக்கு இருபது!" குதித்தான் வருண்.

பவித்ராவுக்கு அந்த ஒரு ஆளைத்தான் பொறுக்கவில்லை. நேரே போனாள்.

"அங்கிள், ரெண்டு நாளா பாக்குறேன். ஒரு வெங்காயமாவது எடுத்துக் கொடுத்தீங்களா?"

மருதப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எடுத்தா அந்தத் தம்பி ஒரு கோடுதானேம்மா போடுவாரு? நேத்து ரெண்டு பேரும் வாடிப்போய்ப் போனீங்க, மனசு கேக்கல. அதான் காலையிலேர்ந்து இங்க நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி அனுப்புறேன், 'அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது, வெங்காயத்தைப் பொறுக்கிக் கொடுங்க, பாஸாயிடும்'னு. பத்தலைன்னா சொல்லும்மா, இன்னும் அம்பது பேரை அனுப்புறேன்!"